மாமாவுக்கு எழுதிக் கொடுக்காதது

மதி,

செவ்வாய்க்கிழமை மத்தியானம் நீ போன் பண்ணியபோது நான் கோர்ட்டில் இருந்தேன். வேலையில் சேர்ந்து இரண்டு மாதம்கூட முடியவில்லை, அதற்குள் உன் குரலுக்கு ஆபீஸ் களை வந்துவிட்டது. "அம்மா, ஒரு சின்ன டவுட்டு. ஒரே வடிகால் வேலைய நாலு எஸ்டிமேட்டாப் பிரிச்சிப் போடலாமா? டெண்டர் விட்டா மழைக்குள்ள முடியாது. எல்லா எடத்துலயும் இப்டிதான் பண்றாங்களாம். நீ சரின்னு ஒரு வார்த்தை சொல்லிடு, எனக்குப் போதும்" என்றாய். எழுதி அனுப்புகிறேன் என்றேன். நீ சிரித்தாய். "என்னாம்மா, பெத்த புள்ளைக்கே லீகல் ஒப்பீனியனா? லெட்டர்பேட்ல சீலோட வருமா?" என்று கேட்டாய். ஆமாம், சீலோடு வரும் என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். வராந்தா பெஞ்சில் ஒரு கட்சிக்காரரை நகரச் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டேன். ஏனென்றால் நீ கேட்ட அதே கேள்வியை, அதே மாதிரி அவசரமாக, அதே மாதிரி நம்பிக்கையோடு, ஆறு வருஷத்துக்கு முன்னால் உன் மாமா என்னிடம் கேட்டான்.

உன் கேள்விக்குப் பதில், கூடாது என்பதுதான். அதைத் தனித்தாளில் முறைப்படி எழுதி இதோடு வைத்திருக்கிறேன். ஆனால் அந்த ஒரு வார்த்தையை மட்டும் அனுப்பினால் நான் மறுபடியும் பாதியை மறைத்தவளாவேன். அடுத்த வாரம் உன் செல்வி அத்தையின் வழக்கு சென்னையில் விசாரணைக்கு வருகிறது. செத்துப்போன மாமாவின் பேரில் இருக்கும் டிஸ்மிஸ் ஆர்டரை ரத்து செய்யச் சொல்லிப் போட்ட வழக்கு. அந்த ஆர்டர் நிற்கும்வரை அத்தைக்குக் குடும்ப ஓய்வூதியம் கிடையாது, மாமாவுக்கு நல்ல பேரும் கிடையாது. அதில் நான் ஒரு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்திருக்கிறேன். அதில் இருப்பதை வக்கீல்கள் படிப்பார்கள், உன் இலாகாவில் படிப்பார்கள், நாலு பேர் டீக்கடையில் பேசுவார்கள். அவர்களுக்கு முன்னால் நீ என் கையெழுத்தில் படித்துவிட வேண்டும். படித்த பிறகு இந்தக் கடிதத்தை ஒளித்துவைக்க வேண்டாம். யார் பார்த்தாலும் சரி.

இன்னொரு விஷயமும் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. நீ வேலையில் சேர்ந்த வாரம், உன் மேலதிகாரி ஒருவர் உன் ஊரைக் கேட்டுவிட்டு மாமா பேரைச் சொல்லி, "அந்த டெண்டர் கேசுல டிஸ்மிஸ் ஆனாரே, ஒங்களுக்கு சொந்தமா?" என்று கேட்டாராம். "தூரத்து சொந்தம் சார்னு சொல்லிட்டேம்மா" என்று நீயே என்னிடம் சொன்னாய், ஏதோ ஒரு பள்ளத்தைத் தாண்டிவிட்ட மாதிரி. காது குத்தும்போது நீ அலறிக்கொண்டு உட்கார்ந்திருந்தது அவன் மடியில். உன் கால் உதைத்து அவன் உதடு கிழிந்து, ரத்தத்தோடு சிரித்துக்கொண்டே உனக்குக் கடுக்கன் போட்டான். அவன் தப்புப் பண்ணியவன் என்று நீ நினைப்பது உன் குற்றமல்ல. உன்னை அப்படி நினைக்கவிட்டது நான்தான். "மாமா ஏன் இப்பல்லாம் வர்றதில்ல?" என்று நீ கேட்டபோதெல்லாம் "டெண்டர்ல ஏதோ கோளாறு பண்ணிட்டான், அவமானத்துல வர மாட்றான்" என்று சொல்லிச் சமாளித்தேன்.

உன் மாமா செயல் அலுவலராக இருந்த பேரூராட்சி கடலோரத்தில் இருந்தது. ஊர்ப் பேர் வேண்டாம், உனக்குத் தெரியும். டெண்டர் திறக்கும் நாளில் அவனைப் பார்த்திருக்க வேண்டும். பெட்டியைக் கூடத்துக்கு நடுவில் வைத்து, வந்திருக்கும் ஒப்பந்தக்காரர்களை எல்லாம் கூப்பிட்டு அரக்கு முத்திரையைக் காட்டி, "நல்லாப் பாத்துக்குங்க, அப்பறம் சொல்லாதீங்க" என்று அதட்டிவிட்டுத்தான் உடைப்பான். ஒவ்வொரு கவரையும் உயரத் தூக்கிக் காட்டி எண்ணிச் சொல்வான். ஒருமுறை செல்வியின் அண்ணனே ஒரு டெண்டர் கவரோடு மூன்று மணிக் கெடு முடிந்து இரண்டு நிமிஷம் கழித்து வந்து நின்றார். "மச்சான், மணி அடிச்சிடுச்சு. உள்ள வாங்க, ஒக்காருங்க, டீ சாப்புடுங்க. கவரை மட்டும் பையிலயே வெச்சிக்குங்க" என்றானாம். அவர் டீயைத் தொடாமல் திரும்பிப் போனார். செல்வி ஒரு வாரம் இவனுக்குத் தட்டை வைத்துவிட்டுப் பேசாமல் போனாள். அதைச் சொல்லி என்னிடம் புலம்பும்போதுகூட, "ரெண்டு நிமிஷம்னு விட்டா நாளைக்கு ரெண்டு மணி நேரம்னு வருவான்க்கா" என்றுதான் புலம்பினான். அப்படிப்பட்டவன், நான் கூடாது என்று சொல்லியிருந்தால் மறுபேச்சு பேசாமல் கேட்டிருப்பான். இதை நீ மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

சுனாமி வந்த மூன்றாம் நாள் அவன் ஜீப்பில் மஞ்சக்குப்பத்தில் நம் வீட்டு வாசலுக்கு வந்தான். தேவனாம்பட்டினம் பக்கமிருந்து வந்த சனங்கள் கல்யாண மண்டபங்களில் கிடந்த நேரம். சட்டையெல்லாம் சேறு, கண் இரண்டும் சிவந்துபோய் இருந்தது. "தண்ணி லாரி வேணும், தார்ப்பாய் வேணும், ஜெனரேட்டர் வேணும். ஆபீஸ்ல கையெழுத்துப் போடவே பயப்படறாங்கக்கா. டெண்டர் இல்லாம எப்டி வாங்கறதுன்னு கேக்கறாங்க" என்றான். வீட்டுக்குள் வரக்கூட நேரமில்லை அவனுக்கு. ஜீப்பின் முன்மூடிமேல் பேப்பரை வைத்து அங்கேயே எழுதிக் கொடுத்தேன். இயற்கைப் பேரிடர் என்றால் டெண்டர் இல்லாமல் வாங்கச் சட்டமே வழி விட்டிருக்கிறது, ஆனால் எதை ஏன் வாங்கினோம், இந்த விலை ஏன் என்று அன்றன்றைக்கே குறித்து வைக்க வேண்டும் என்று ஒரு பக்கம். கையெழுத்து, தேதி, சீல். சாயங்காலத்துக்குள் லாரிகள் போய்விட்டன. அந்தத் தாளை லேமினேட் பண்ணித் தன் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தான். வருகிறவர்களுக்கெல்லாம் "எங்கக்கா எழுதுனது" என்று காட்டுவான். வக்கீல் வாழ்க்கையில் நான் எழுதியதிலேயே நல்ல தாள் அதுதான், மதி. ஜீப்பின் மேல் வைத்து எழுத முடிந்த எனக்கு, ஒன்றரை வருஷம் கழித்து என் சொந்தச் சமையலறையில் எழுத முடியாமல் போனது.

அது ஒரு வைகாசி ஞாயிற்றுக்கிழமை. அண்ணாகிராமத்துப் பக்கம் நம் நிலத்து மேட்டுப் பலாவிலிருந்து ஒரு பெரிய பழத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். நீ ஸ்பெஷல் கிளாசுக்குப் போயிருந்தாய். வந்து சுளை தின்றது உனக்கு நினைவிருக்கலாம். நான் முழங்கை வரைக்கும் எண்ணெய் தடவிக்கொண்டு பழத்தைப் பிளந்துகொண்டிருந்தேன். அவன் எதிரில் குந்தி உட்கார்ந்து கொட்டையை எடுத்துக்கொண்டே பேச்சை ஆரம்பித்தான். "மீனவர் குப்பத்துக்கு பைப்லைன் போடணும்க்கா. இருந்ததெல்லாம் உப்பேறிப் போச்சு. ஜனங்க கொடத்தை வெச்சி ரோட்டை மறிக்கறாங்க. நேத்து ஒரு புள்ளத்தாச்சி ரோட்லயே மயக்கம் போட்டுட்டா. டெண்டர் விட்டு வேலை ஆரம்பிக்கறதுக்குள்ள கோடையே போயிடும். அந்த சுனாமிப் பேப்பர வெச்சே வேலைய குடுத்துடலாமா?"

"சுனாமி போயி ஒன்றரை வருஷம் ஆச்சுடா. அது இனிமே செல்லாது" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "மூணு தெருதானே? மூணு வேலையாப் பிரிச்சிடு. தனித்தனியா டெண்டர் வரம்புக்குக் கீழ வந்துடும். டெண்டர் விளம்பரம் வேணாம், கொட்டேஷன் வாங்கிப் போடு" என்றேன்.

"சட்டப்படி செல்லுமாக்கா?"

"நான் சொல்றேன்ல. குப்பத்துக்குத் தண்ணி குடுத்ததுக்கு எவன்டா கேக்கப் போறான்?"

"அப்ப ரெண்டு வரி எழுதிக் குடுத்துடு. ஃபைல்ல வெச்சிக்கறேன்."

நான் இரண்டு கையையும் விரித்து அவன் முகத்துக்கு நேரே காட்டினேன். எண்ணெயும் பலாப் பாலும் வழிந்துகொண்டிருந்தது. "இந்தக் கையால பேனா புடிச்சா பேனாவும் வராது, பேப்பரும் வராது. அக்கா தம்பிக்குள்ள என்னாடா ஃபைலு?" என்றேன். அவனும் சிரித்துவிட்டான். எழுந்து போய்க் கையைக் கழுவிவிட்டு வந்தவன், சுவரில் தொங்கிய தினக்காலண்டரில் அன்றைய தாளைச் சர்ரென்று கிழித்தான். பண்ருட்டி முந்திரிக் கடைக்காரர் கொடுத்த காலண்டர். "பொழுதே போவல, அதுக்குள்ள இன்னைத் தேதியக் கிழிச்சிட்டியே, அவசரக்குடுக்கை" என்று திட்டினேன். "ஒரு குறிப்புக்கா" என்று சொல்லி அதன் பின்பக்கம் நின்றபடியே எழுதி, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். குழாய் அளவாக இருக்கும் என்று நினைத்தேன். பிறகு நாங்கள் சுளை தின்றோம்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சொந்தக்காரனிடம் பீஸ் வாங்க மாட்டோம். பீஸ் இல்லாததால் அவனுக்கென்று ஒரு கேஸ் கட்டுப் போட மாட்டோம். கட்டு இல்லாததால் எதையும் எழுத மாட்டோம். வெளியாள் வந்து கேட்டால் புத்தகத்தைப் புரட்டி, இரண்டு தீர்ப்பைப் பார்த்து, யோசித்து எழுதித் தருகிற நான், கூடப்பிறந்தவனுக்குச் சுளை உரித்துக்கொண்டே வாயால் சொன்னேன். அதைப் பாசம் என்றும் நினைத்துக்கொண்டேன். யாரோ ஒருவனுக்குக் கொடுத்த கவனத்தில் பாதியைக்கூட அவனுக்குக் கொடுக்கவில்லை என்பதுதான் உண்மை. வழி இல்லாமலும் இல்லை. டெண்டருக்கான நாள்களைக் குறைக்கலாம். ஏன் குறைக்க வேண்டும் என்று காரணம் எழுதி மேலதிகாரியிடம் அனுமதி வாங்கினால் குறுகிய காலத்தில் டெண்டர் விட விதியிலேயே இடம் இருக்கிறது. ரோட்டில் குடத்தோடு உட்கார்ந்திருக்கும் சனத்தைவிடப் பெரிய காரணம் வேண்டுமா? எனக்கு அது தெரியும். அதைச் சொல்லி, அந்தக் கடிதத்தை அவனுக்கு எழுதிக் கொடுக்க அரைமணி நேரம் ஆகியிருக்கும். எனக்குப் பழம் உரிக்க வேண்டியிருந்தது. பிரித்துப் போடு என்பது இரண்டு வார்த்தையில் முடிந்துவிட்டது.

குப்பத்துக்குத் தண்ணீர் வந்தது. நல்ல குழாய், நல்ல வேலை. ஒரு பைசா அவன் தொடவில்லை என்று கடைசிவரை குற்றம் சாட்டியவர்களே ஒப்புக்கொண்டார்கள். ஆனால் ஒரே வேலை, ஒரே வாரம், மூன்று துண்டு. வேலை கிடைக்காத ஒரு சப்ளையர் மனுப் போட்டார். தணிக்கையிலும் அதையே எழுதினார்கள். டெண்டரைத் தவிர்ப்பதற்காகவே வேலை பிரிக்கப்பட்டது என்று. அது பொய்யும் இல்லை. அப்புறம் 17(பி) வந்தது, பெரிய தண்டனைக்கான குற்றச்சாட்டுக் குறிப்பாணை. அவன் கொடுத்த விளக்கத்தில், சட்ட ஆலோசனை கேட்டுத்தான் செய்தேன் என்று எழுதியிருந்தான். யாரிடம் என்று விசாரணை அதிகாரி கேட்டிருக்கிறார். என் பேரைச் சொல்லியிருக்கிறான். சொல்லாமல் வேறென்ன செய்வான்? மேஜைக் கண்ணாடிக்கு அடியில் என் கையெழுத்தை வைத்திருந்தவன் அவன்.

விசாரணை அதிகாரியின் கடிதம் எனக்கு வந்த சமயத்தில், உள்ளாட்சி அமைப்புகளுக்கு ஆஜராகும் வக்கீல்கள் பட்டியலில் என் பேர் பரிசீலனையில் இருந்தது. அதற்காக நான் பல வருஷம் காத்திருந்தேன். ஒரு பொம்பளை, அப்பா காலத்து ஆபீஸ் கிடையாது, பின்னால் நிற்கப் பெரிய சீனியர் கிடையாது. சாக்குச் சொல்கிறேன் என்று நினைக்காதே, அன்றைக்கு என் தலைக்குள் ஓடியதைச் சொல்கிறேன். மூன்று நாள் அந்தக் கடிதத்தை மேஜையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் ஒரே வரியில் பதில் எழுதினேன். மேற்படி பொருள் தொடர்பாக என்னால் எழுத்துப்பூர்வமான கருத்துரை எதுவும் வழங்கப்படவில்லை. அவ்வளவுதான். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. வக்கீலுக்கு மட்டுமே வருகிற திறமை அது. உங்கப்பா அதைப் படித்துவிட்டு, "அவுங்க கேட்டது எழுதிக் குடுத்தியான்னா, சொன்னியான்னா?" என்று கேட்டார். நான் கவரை ஒட்டினேன். அவர் அதற்குப் பிறகு கேட்கவில்லை, ஆனால் நான் போட்ட காப்பி அன்றைக்கு ஆறிப் போய்க் கிடந்தது.

விசாரணைப் பதிவின் நகலை இப்போதுதான், வழக்குக்காக, முழுசாகப் படித்தேன். என் பதிலை அவன் கையில் கொடுத்து, இதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். அவன் சொன்னது பதிவாகியிருக்கிறது: "எனக்குத்தான் ஞாபகப் பிசகு. ஆலோசனை எதுவும் பெறவில்லை. முடிவு என்னுடையது." கீழே அவன் கையெழுத்து, எப்போதும் போல நிறுத்தி நிதானமாக. அந்தப் பக்கத்தைப் படித்தபோது என் ஆபீஸில் ஜூனியர் பெண் இருந்தாள். அவளை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன். இதை எழுதும்போதும் அழுதுகொண்டுதான் இருக்கிறேன், மறைப்பானேன்.

எனக்குப் பட்டியலில் இடம் கிடைத்தது. அவனை டிஸ்மிஸ் செய்தார்கள். இரண்டும் ஒரே வருஷம், 2009. அதோடு விட்டதா? செயல் அலுவலர்களுக்கு நடத்தும் பயிற்சி வகுப்பில் டெண்டர் விதிகளைப் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டார்கள். நானும் போனேன். எந்த ஆலோசனையையும் எழுத்தில் வாங்குங்கள், வாய்வார்த்தை உங்களைக் காப்பாற்றாது என்று மைக்கில் சொன்னேன். கைதட்டினார்கள். அதில் அவனோடு வேலை பார்த்தவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்திருப்பார்கள். அவர்களும் தட்டினார்கள். வீட்டுக்கு வந்து பஜ்ஜி போட்டு உங்களுக்கெல்லாம் கொடுத்தேன். மனுஷிக்கு எவ்வளவு தடித்த தோல் வேண்டுமானாலும் வளரும், மதி. வளர்வது தெரியாது.

அவன் குடும்பத்தோடு சிதம்பரத்துக்கே போய்விட்டான், செல்வி வீட்டுப் பக்கம். வடக்கு வீதியில் ஒரு ஜெராக்ஸ் கடை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து சின்னச் சின்ன ஒப்பந்தக்காரர்களுக்கு டெண்டர் ஃபாரம் நிரப்பிக் கொடுத்தான். அவன் நிரப்பிய ஃபாரத்தில் அடித்தல் திருத்தல் இருக்காது, எந்த ஆபீஸிலும் தள்ளுபடி ஆகாது என்று பேர். ஆனித் திருமஞ்சனத் தேர் நாளன்று ஒரு கேஸ் விஷயமாக நான் அந்த வழியே போக வேண்டியிருந்தது. கூட்டத்தில் கார் நின்றுவிட்டது. பக்கவாட்டில் பார்த்தால் பத்தடி தூரத்தில் அவன். தலை முழுக்க நரைத்திருந்தது. கண்ணாடியை மூக்கு நுனியில் தள்ளிக்கொண்டு ஒருவருக்கு எதையோ கட்டம் கட்டமாகக் காட்டிக்கொண்டிருந்தான். நிமிர்ந்தவன் என்னைப் பார்த்துவிட்டான். நான் இறங்கவில்லை. அவன்தான் எழுந்து வந்தான். நான் கண்ணாடியைக் கொஞ்சமாக இறக்கினேன். "கீழவீதி பக்கம் போவாதீங்கக்கா, தேர் முனையில நிக்குது, நேரம் ஆவும். பின்னால எடுத்து பைபாஸ்ல போயிடுங்க" என்றான். சின்னதிலிருந்து என்னை வாடி போடி என்று கூப்பிட்டு அம்மாவிடம் அடி வாங்கியவன், அதற்கப்புறமும் நீ என்று மட்டுமே பேசியவன், அன்றைக்கு வாங்க போங்க என்றான். "சரிடா" என்று சொல்லிக் கண்ணாடியை ஏற்றிவிட்டேன். டிரைவர் வண்டியைப் பின்னால் எடுத்தார். அவன் நடுவில் நின்று ஆள்களை விலக்கி, எங்கள் வண்டிக்கு வழி செய்து கொடுத்தான். நாங்கள் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

போன மார்கழியில் தானே புயல் வந்ததே, அதில் நம் மேட்டுப் பலா வேரோடு சாய்ந்தது. பண்ருட்டிப் பக்கம் ஒரு முந்திரியும் பலாவும் மிச்சமில்லாமல் சனங்கள் நெஞ்சிலடித்துக்கொண்டு திரிந்த நாட்கள். நிலத்தைப் பார்க்க அவன் பஸ்ஸில் வந்திருக்கிறான். மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தானாம், அண்டை நிலத்துக்காரர் சொன்னார். மாசியில் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், ஐந்து நாளில் போய்விட்டான். நீ பரீட்சை என்று வரவில்லை. நானும் உன்னை வற்புறுத்தவில்லை. சாவு வீட்டில் செல்வி என்னைக் கட்டிக்கொள்ளவில்லை, விரட்டவும் இல்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என்னை உள்ளே கூப்பிட்டு ஒரு பிளாஸ்டிக் உறையைக் கையில் கொடுத்தாள். உள்ளே நான்காய் மடித்த காலண்டர் தாள். பண்ருட்டி முந்திரிக் கடையின் பேரும், ஒரு வைகாசி ஞாயிற்றுக்கிழமையின் தேதியும்.

"இத விசாரணைல காட்டல அண்ணி. எங்கிட்டயும் காட்டல. ஆசுபத்திரில படுத்திருக்கறப்பதான் எடுத்தாரச் சொன்னாரு. படிச்சிட்டு நான் சண்டை போட்டேன். இது இருந்தும் ஏன் இப்டி நாசமாப் போனீங்கன்னு கேட்டேன். அதுக்கு, அக்காகிட்ட குடுத்துடு, அது அவுங்க வீட்டுக் காலண்டருன்னாரு" என்றாள்.

பின்பக்கம் நீல மையில் மூன்று வரி இருந்தது. அக்காவிடம் கேட்டேன். மூன்றாகப் பிரிக்கலாம் என்றார். அக்கா கையில் எண்ணெய், எழுத்து பிறகு வாங்கவும்.

பிறகு வாங்கவும். அவன் வந்து கேட்கவே இல்லை, மதி. அதற்கப்புறம் எத்தனை தடவை வீட்டுக்கு வந்தான், எத்தனை தடவை சாப்பிட்டான். ஒருதரம்கூட, அந்த ரெண்டு வரி என்னாச்சுக்கா என்று கேட்கவில்லை. அக்காவைச் சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடும் என்று நினைத்திருப்பான். விசாரணையில் இந்தத் தாளை எடுத்து மேஜைமேல் போட்டிருந்தால் முழுசாகத் தப்பித்திருப்பானா என்று எனக்குத் தெரியாது. ஆனால் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்றாவது ஆகியிருக்கும், வேலையாவது மிஞ்சியிருக்கும். என் பேர் போயிருக்கும். அவன் என் பேரைக் காப்பாற்றிவிட்டான்.

பிரமாணப் பத்திரத்தில் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறேன். ஆலோசனை சொன்னது நான், அது தவறான ஆலோசனை, கேட்டபோது மறைத்ததும் நான். காலண்டர் தாளையும் இணைத்திருக்கிறேன். என் வக்கீல் நண்பர் ஒருவர், "ஆளே போயாச்சு, எதுக்குங்க இப்ப இது? பையன் வேற சர்வீஸ்ல சேந்திருக்கான்" என்றார். பார் கவுன்சிலில் என்மேல் புகார் வரலாம். பட்டியலிலிருந்து நானே விலகிவிட்டேன். உன் ஆபீஸில் உன்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள், அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் உன் சம்மதத்தைக் கேட்டு இதை நான் செய்யவில்லை. அவனுக்குக் கெடுதல் செய்தபோது யார் சம்மதத்தையும் நான் கேட்கவில்லை. கோர்ட் என்ன சொல்லும் என்று தெரியாது. முப்பது வருஷ அனுபவத்தில் ஒன்று தெரியும், இதனால் அவன் திரும்பி வரப்போவதில்லை. அத்தைக்கு ஓய்வூதியம் கிடைத்து, அந்த ஃபைலில் அவன் பேருக்கு எதிரே இருக்கும் சொல் அடிக்கப்பட்டால் அதுவே பெரிசு.

இப்போது உன் வடிகாலுக்கு வருகிறேன். ஒரே வேலையை நாலாகப் பிரிக்காதே, மேலே இருப்பவர் வாயால் சொன்னாலும் பிரிக்காதே. அவரைப் பகைத்துக்கொள்ளவும் வேண்டாம். மழைக்கு முன்னால் வேலை முடியவேண்டிய காரணத்தை எழுதி, நாள் குறைத்து டெண்டர் விட அனுமதி கேட்டு இன்றைக்கே குறிப்பு வை. அதன் வரைவையும் உனக்காக எழுதி வைத்திருக்கிறேன், அரைமணி நேரம்தான் ஆனது. யாருக்காவது பொருந்துகிற மாதிரி நிபந்தனை போடச் சொல்வார்கள், போடாதே. நேரம் கழித்து வருகிறவர் யாராக இருந்தாலும் உன் மாமா மாதிரி டீ வாங்கிக் கொடுத்து அனுப்பு. தெரியாததைக் கேள், நூறு தடவை கேள், ஆனால் பதிலைத் தாளில் வாங்கு. சொந்தம் என்றால் இரண்டு மடங்கு கண்டிப்பாக வாங்கு. கையில் எண்ணெய் என்று சொன்னால், கழுவிவிட்டு வரும்வரை உட்கார்ந்திரு. கோபித்துக்கொள்வார்கள். கோபித்துக்கொள்ளட்டும்.

அடுத்த முறை உன் அதிகாரி கேட்டால், என் தாய்மாமன் என்று சொல். உன்னால் முடிந்தால் ஒரு நாள் லீவு போட்டுவிட்டுச் சிதம்பரம் போய் அத்தையைப் பார்த்துவிட்டு வா. நான் சொல்லித்தான் வந்தேன் என்று அவளிடம் சொல்லாதே.

இதோடு இருக்கும் தாளில் உன் கேள்விக்கான கருத்துரை இருக்கிறது. கையெழுத்து இருக்கிறது, தேதி இருக்கிறது, நீ கிண்டல் பண்ணிய சீலும் இருக்கிறது. அதை உன் ஃபைலில் வை. என்றைக்காவது ஒருநாள் யாராவது உன்னை நிற்கவைத்து, இதை யார் சொன்னது என்று கேட்டால், என் பேரைச் சொல். நான் வந்து ஆமாம் என்பேன்.

அம்மா